சிகாமட் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்: நம் காலடிக் கல்லையும் பாடமாக்குங்கள்

சிகாமட், லாபிஸ், புலோ காசாப், ஜெமெந்தா வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.13 மணிக்கு நம் ஊர்த் தரை நடுங்கியது. ரிக்டர் கணக்கில் 4.1 என்று வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. அடுத்த சில நாள்களில் சிறு அதிர்வுகளும் தொடர்ந்தன. சுமத்ராவில் நடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய நமக்கு, சிகாமட்டின் பெயரே நிலநடுக்கச் செய்தியில் வந்தது புதிது. வாட்ஸ்அப் குழுக்களில் வதந்திதான் முதலில் வந்தது. பழைய பாறைப் பிளவுகள் மறுபடி அசைகின்றன என்று நிலவியலாளர்கள் விளக்கியது அதன் பிறகுதான் நம்மை எட்டியது. பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நம் ஊருக்கு அடியில் என்ன இருக்கிறது? பல வீடுகளில் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

அந்தக் கேள்விக்கு நம் பள்ளிகள் பதில் சொல்ல முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து தொடங்கலாம். அவர் தமிழரில்லை, மலாயாவில் குடியேறியவரும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கல்லையும் மலாயாவின் நத்தையையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தவர். பெயர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. நம் பிள்ளைகளில் ஒருவர்கூட அவரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1838 ஜூன் 7 அன்று, இன்று செக் நாட்டில் இருக்கும் மொராவியாவில், க்ரொமெரிஷ் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா காட்டுக் காவலர். பெரிய குடும்பமோ பெரிய சொத்தோ இல்லை. வியன்னாவில் எடுவார்ட் சூஸ் போன்ற ஆசிரியர்களிடம் நிலவியல் படித்தார். 1861இல் முனைவர் பட்டம். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் தாமஸ் ஓல்டாம் தலைமையில் இயங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் வேலை கிடைத்தது. அப்போது வயது 24. தோட்டத் தொழிலாளியின் மகனோ மகளோ படித்துப் பெரிய இடத்துக்குப் போவதை நாம் எத்தனை பெருமையாகச் சொல்வோம்! அதே பெருமையோடு சொல்லத்தக்க கதை இது.

கல்கத்தாவில் அவருக்காகக் காத்திருந்தவை திருச்சிப் பக்கத்துக் கற்கள்.

1840களிலேயே சென்னை மாகாண அதிகாரி கேயும் அவருடைய நண்பர் கன்லிஃபும் புதுச்சேரி, திருச்சி வட்டாரங்களில் கல்லாகிப்போன சிப்பிகளைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். அதன் பிறகு 1857 முதல் 1860 வரை ஹென்றி பிளான்ஃபோர்டும் தோழர்களும் அந்த வட்டாரத்தை வரைபடமாக்கினார்கள். (இதே பிளான்ஃபோர்டுதான் பின்னாளில் இந்தியாவின் வானிலைத் துறையைத் தொடங்கி நடத்தியவர்.) ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளுக்கு அவர் வைத்த பெயர்கள் இன்றும் உலகத்து நிலவியல் நூல்களில் நிற்கின்றன. உங்கள் பாட்டன் முப்பாட்டன் கப்பலேறுவதற்கு முன் மாடு மேய்த்த ஊர்ப் பெயர், பாரிசிலும் டோக்கியோவிலும் பாறை ஆய்வாளர் வாயில் வருகிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

அந்த அடுக்குகள் எல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தவை. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து, இந்தியா தனித்து வடக்கே நகரத் தொடங்கிய காலம் அது. கரை தாழ்ந்த இடத்தில் கடல் உள்ளே வந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, ஏறியும் இறங்கியும், கடல் அங்கே இருந்தது. அந்த வட்டாரத்துக் கல்லக்குடி என்றால் நமக்கெல்லாம், ஊர்ப் பெயருக்காக 1953இல் நடந்த போராட்டமும் தண்டவாளமும் நினைவுக்கு வரும். டால்மியா சிமெண்ட் ஆலை அங்கே வந்ததற்குக் காரணமே சுண்ணாம்புக்கல்தான். அந்தச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பகுதி, வெதுவெதுப்பான ஆழமில்லாக் கடலில் பவளங்களும் பாசிகளும் கட்டிய திட்டு. தமிழக அரசியல் வரலாற்றில் இடம்பிடித்த அந்த ஊரின் அடியில் ஒரு பவளப்பாறை கிடக்கிறது. அரியலூர்ச் சிமெண்டும் பழங்கடல் உயிர்களின் ஓடுகளிலிருந்து வருவதுதான்.

பிளான்ஃபோர்டு குழு சேர்த்த பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் இன்னதென்று அறுதியிட்டு எழுதும் வேலை ஸ்டோலிச்காவிடம் வந்தது. 1863 முதல் 1873 வரை பத்தாண்டுகள் அவர் அதை விடவில்லை. முதலில் அம்மோனைட்டுகள், அடுத்து சங்கு நத்தை இனங்கள், பிறகு இருவோட்டுச் சிப்பிகள், கடைசியாகப் பவளங்களும் கடல்முள்ளிகளும் மற்றவையும். எல்லாம் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், அவற்றோடு பக்கம் பக்கமாகக் கல்லச்சுப் படங்கள். தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் உயிர்களைப் பற்றி இன்று யார் எழுத உட்கார்ந்தாலும் அந்த நூல்களைத்தான் முதலில் திறக்க வேண்டும். ஒரு மனிதரின் பத்தாண்டு உழைப்பு 150 ஆண்டுகள் தாண்டியும் பயன்படுகிறது.

அம்மோனைட் என்பது என்ன என்று ஒரு நிமிடம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கணவாய்க்கும் ஆக்டோபசுக்கும் உறவான கடல் விலங்கு. சுருண்ட ஓட்டுக்குள் வாழும். வளர வளர, பின்னால் சுவர் எழுப்பிக்கொண்டே முன்னறைக்கு நகரும். பழைய அறைகளில் காற்று நிரம்பியிருக்கும், அதனால் மிதக்கும். ஓட்டின் மேல்பூச்சு தேய்ந்துபோன கல்லை வெயிலில் சாய்த்துப் பிடித்தால், ஒவ்வோர் அறைச்சுவரும் ஓட்டைத் தொட்ட இடத்தில் ஒரு கோடு தெரியும். அது நேர்கோடாக இருக்காது. சிக்குக்கோலத்தின் இழை போல வளைந்து, மடிந்து, கிளைவிட்டு ஓடும். இனத்துக்கு இனம் அந்தக் கோடு வேறுபடும். ஸ்டோலிச்கா அம்மோனைட்டுகளை இனம் பிரித்தது இந்தக் கோட்டையும் ஓட்டின் வரிகளையும் முடிச்சுகளையும் பார்த்துத்தான். எந்த அம்மோனைட் எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்த அடுக்கின் காலத்தை ஐரோப்பாவின் அடுக்கோடும் மடகாஸ்கரின் அடுக்கோடும் ஒப்பிட்டுவிடலாம்.

நம் வீட்டுப் பூஜையறைகளிலும் அம்மோனைட் இருக்கிறது. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமம் அதுதான். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத்தைச் சுற்றியுள்ள கரிய களிப்பாறையிலிருந்து உதிர்ந்து ஆற்றில் உருண்டு வருபவை அவை. சக்கரம் என்று நாம் வணங்குவது அந்த விலங்கின் சுருள் ஓட்டை. அதே பாறையடுக்கு மேற்கே இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும் இருக்கிறது. 1864இலும் 1865இலும் ஸ்டோலிச்கா அங்கே கால்நடையாகப் போய் அந்த அடுக்குகளுக்கு முதல் முறையான வரிசை வகுத்தார். இதைச் சொல்வதால் பக்தி குறையும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். ஜுராசிக் காலத்துக் கடலின் சாட்சி நம் வீட்டில் துளசி தீர்த்தத்தில் இருக்கிறது என்று அறிந்த பிள்ளை அதை இன்னும் கவனமாகத்தான் தொடும்.

மலாயாவுக்கு வருகிறேன். கல்லான சங்குகளைப் புரிந்துகொள்ள உயிருள்ள சங்குகளையும் நத்தைகளையும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வழி. பர்மா, அந்தமான், நிக்கோபார் போலவே பினாங்குக்கும் வந்தார். பினாங்குத் தீவின் நில நத்தைகளைப் பற்றி வங்காள ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் 1870களின் தொடக்கத்தில் எழுதினார். நத்தையோடு நிற்கவில்லை. பினாங்கு மலைப் பாறையிடுக்கில் வாழும் ஒரு சிறு பல்லியை 1870இல் புதிய இனமாக விவரித்தார். அறிவியல் பெயரில் அந்தப் பல்லிக்குப் பக்கத்தில் இன்றும் அவர் பெயர்தான் நிற்கிறது. பினாங்கில் கிடைத்த ஒரு வௌவாலுக்கு 1871இல் டாப்சன் என்பவர் ஸ்டோலிச்காவின் பெயரையே சூட்டினார். அந்த நாளில் பினாங்கிலும் எதிர்க்கரையிலிருந்த செபராங் பிறையிலும் கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய அவர்களில், அரியலூர், பெரம்பலூர்க் காட்டிலிருந்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய ஊர்ச் சிப்பிகளை எழுதிக்கொண்டிருந்தவர், அவர்கள் வந்திறங்கிய தீவில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். இந்தச் சந்திப்பு எந்தப் பாடநூலிலும் இல்லை.

இனி நம் சிகாமட். நம் ஊர்க் கருங்கல்லின் ஒரு பகுதி எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது. நெடுஞ்சாலை ஓரத்திலும் புதிதாக வெட்டிய தாமான் மேட்டிலும் செம்மண்ணுக்குள் கறுப்பாக, கைக்குக் கனமாகத் தட்டுப்படும். பொட்டாசியத்தின் ஒரு வகை, காலப்போக்கில் ஆர்கான் வாயுவாக மாறும். குழம்பு இறுகிய பிறகு கல்லுக்குள் சேர்ந்த ஆர்கானை அளந்தால் வயது தெரியும். அப்படி அளந்தபோது சிகாமட் எரிமலைப் பாறைக்கு ஏறத்தாழ 6 கோடியே 20 லட்சம் ஆண்டு என்று வந்தது. டைனோசர்கள் அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அதற்குச் சற்றுப் பின், இங்கே நெருப்புக் குழம்பு வழிந்த காலத்தை ஒட்டி, அங்கே அரியலூர்ப் பக்கம் நின்னியூரில் கடைசிக் கடல் தேங்கியிருந்தது. நாம் புறப்பட்ட ஊரும் வந்து சேர்ந்த ஊரும் ஒரே காலத்துப் பாறையைச் சுமக்கின்றன. எனக்கு இதைவிட அழகான பாடம் தெரியவில்லை.

நம் பக்கத்துக் கல் மட்டுமா? எரிமலைப் பாறை மட்கி உண்டான மண்வகை ஒன்றுக்கு நம் நாட்டு மண்ணியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே சிகாமட் தொடர். அதன்மேல்தான் நம் செம்பனையும் டுரியானும் நிற்கின்றன. அண்டை ஊரான கிம்மாசின் பெயரில் ஒரு பாறைத் தொகுதி இருக்கிறது. திரியாசிக் காலத்துக் கடலடிச் சேறும் எரிமலைச் சாம்பலும் சேர்ந்து இறுகியது. 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிப்பிகளும் அம்மோனைட் உறவினங்களும் அதில் கிடைத்திருக்கின்றன. கிம்மாசிலிருந்து சிகாமட், லாபிஸ் வழியாக ஜொகூர்பாருவுக்கு 1909இல் முடிந்த இரயில் பாதையில் மேட்டை வெட்டியவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! கடப்பாறை பட்டுத் தெறித்த கல்லில் ஒரு சிப்பி இருந்திருந்தால்கூட அதைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை. அவர்களுடைய கொள்ளுப்பேரர்களுக்கும் நாம் இன்னும் கற்றுத்தரவில்லை.

ஸ்டோலிச்காவின் முடிவையும் சொல்ல வேண்டும். தாஷ்கண்டு, சமர்கண்டு, கீவா என்று ரஷ்யா மத்திய ஆசியாவில் ஒவ்வொன்றாகப் பிடித்து வந்த காலம். காஷ்கரை ஆண்ட யாகூப் பெக்கோடு உறவு வைத்துக்கொள்ள ஆங்கிலேய அரசு 1873இல் ஃபோர்சித் தலைமையில் ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அதில் நிலவியலாளராக ஸ்டோலிச்கா போனார். போகும்போதே காரகோரத்தின் உயரத்தில் முதுகுத்தண்டு நோய் தாக்கியது. திரும்பிவிடலாம் என்று அவர் எண்ணவில்லை. ரஷ்ய எல்லையை ஒட்டிய சாத்தீர்குல் ஏரி வரை போனார், பாமீர் மேட்டைக் கடந்து வாகான் வரை போனார், வழியெங்கும் கல்லும் பறவையும் பூச்சியும் சேர்த்தார். திரும்பி வரும்போது 1874 ஜூனில் மறுபடி காரகோரம் கணவாய். மூன்று நாளில், ஜூன் 19 அன்று, முர்கோ என்ற இடத்தில் இறந்தார். வயது 36. லேயில் அடக்கம் செய்தார்கள். அரசு அங்கே ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அவர் சேர்த்தவற்றையும் எழுதி வைத்த குறிப்புகளையும் கொண்டு 1878 முதல் தொகுதி தொகுதியாக நூல்கள் வந்தன. 1875இல் நோய்மாயர் என்ற ஆய்வாளர் ஓர் அம்மோனைட் பேரினத்துக்கு ஸ்டோலிச்காயா என்று பெயர் வைத்தார்.

இவ்வளவும் வெள்ளைக்காரர் கதைதானே என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அடுத்த தலைமுறையில் அந்த வேலை தமிழர் கைக்கு வந்தது. தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் 1898இல் பிறந்த மா. சீ. கிருஷ்ணன் லண்டனில் முனைவர் பட்டம் பெற்று 1924இல் அதே நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். 1851இல் தொடங்கிய அந்தத் துறைக்கு, சரியாக நூறாண்டு கழித்து 1951இல், முதல் இந்திய இயக்குநர் ஆனார். 1943இல் வெளியான அவருடைய இந்திய, பர்மிய நிலவியல் நூலைப் படிக்காமல் இந்தியாவில் நிலவியல் பட்டம் வாங்கியவர்கள் பல தலைமுறைக்கு இல்லை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் கண்டறிந்தவரும் அவரே. கடலோரக் காட்டிலிருந்து அடித்து வரப்பட்டு, கடலடிச் சேற்றில் புதைந்து, மரத்தின் ஒவ்வோர் இழையும் சிலிக்காவால் நிரம்பிக் கல்லானது. இன்று அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். ஊர் பார்க்கத் தமிழ்நாடு போகும் குடும்பங்கள் திருச்சி மலைக்கோட்டையும் தஞ்சைப் பெரிய கோயிலும் பார்க்கிறீர்கள். அங்கிருந்து சில மணி நேரத்தில் சாத்தனூருக்கும் அரியலூர் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். கருடமங்கலத்துச் சிப்பிக்கல்லையும் தேடிப் பாருங்கள். கரும்பழுப்புக் கல்லுக்குள் வெள்ளைச் சங்குகள் நெருக்கியடித்துக் கிடக்கும். மெருகேற்றினால் மினுங்கும். திருச்சினாப்பள்ளி மார்பிள் என்று அதை அலங்காரப் பொருளாக அறுத்து விற்றார்கள்.

இழந்ததையும் சொல்லியாக வேண்டும். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகளுக்கு 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் பிருகத்காயசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகிலேயே மிகப்பெரிய தரை விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் எலும்புகள் சிதைந்து போய்விட்டன. மிஞ்சியிருப்பவை சில படங்களே. செத்த உயிர் எப்படி மண்ணுக்குள் போகிறது, எது நிலைக்கிறது, எது கரைகிறது என்பதை 1940இல் தனித்துறையாகவே வகுத்தவர் ரஷ்ய நிலவியலாளர், தொல்லுயிரியலாளர் இவான் எஃப்ரெமோவ். பூமி நமக்குக் காட்டுவது நடந்ததில் ஒரு சிறு துண்டு என்பதை அவர் துறை சொல்கிறது. கையில் கிடைத்த துண்டையும் காக்கத் தவறினால் குற்றம் நம்முடையது. மலேசியாவிலும் 2014இல்தான் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பகாங்கில் டைனோசர் புதைபடிவம் கிடைத்ததாக முதன்முதலில் அறிவித்தார்கள். அதற்கு முன் இந்த நாட்டில் டைனோசரே இல்லை என்று நினைத்திருந்தோம். இங்கே தேட இன்னும் நிறைய இருக்கிறது.

நம் பிள்ளைகள் நன்றாகப் படித்தால் மருத்துவம், சட்டம், கணக்கியல், பொறியியல் என்று நாம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். குறை சொல்லவில்லை, அந்த வழிகள் பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தின. ஆனால் நிலவியலும் இந்த நாட்டில் சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்ட தொழில். 2008ஆம் ஆண்டின் நிலவியலாளர் சட்டப்படி பதிவு பெற்று வேலை செய்யலாம். மலைச்சரிவில் வீடு கட்டவும், நிலத்தடி நீர் எடுக்கவும், அணை கட்டவும், எண்ணெய் தேடவும், இனி நம் ஊரைப் போல நடுங்கும் ஊர்களைக் கவனிக்கவும் நிலவியலாளர் வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இது பட்டப்படிப்பாகவே இருக்கிறது. எஸ்பிஎம் முடித்த நம் பிள்ளைகளின் பட்டியலில் இந்தப் பெயர் வருவதே இல்லை.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவு வைப்பவை அல்ல. பள்ளிக்கு ஒரு கண்ணாடி அலமாரி வையுங்கள். பிள்ளைகள் தங்கள் தாமானிலும் தோட்டத்திலும் ஆற்றங்கரையிலும் எடுத்த கல்லைக் கொண்டு வரட்டும். எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது, யார் எடுத்தது என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதி ஒட்டட்டும். இடம் குறிக்காத கல் ஆய்வுக்கு உதவாது, அந்த ஒழுங்கை இளமையிலேயே பழக்குங்கள். தனியார் நிலத்திலும் கல்லுடைக்கும் இடத்திலும் அனுமதியில்லாமல், பெரியவர் துணையில்லாமல் நுழைய விடாதீர்கள். கனிமவள, புவியறிவியல் துறையின் ஜொகூர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, ஓர் அதிகாரியைப் பள்ளிக்கு அழையுங்கள். ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகச் செய்ய முடியாவிட்டால் வட்டாரத்தின் எல்லாத் தமிழ்ப்பள்ளிகளும் சேர்ந்து ஒரு நாள் வையுங்கள். அன்று ஸ்டோலிச்காவின் கதையையும் கிருஷ்ணனின் கதையையும் ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே மேடையில் சொல்லட்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அலமாரிக்கும் சீட்டுகளுக்கும் ஆகும் செலவில் என் பங்கைத் தரவும், சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு நடக்கவும் நான் தயார்.

அன்புடன்,
சிகாமட் வாசி ஒருவர்